ஆஃப்ஷோர் வக்கீல் என்ன வேலை பார்க்கிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஃப்ஷோர் வக்கீல், அதாவது கேமன், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் போன்ற இடங்களில் பதிவான வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கான சட்ட வேலை பார்ப்பவர் என்றாலே கறுப்புப் பணத்தைப் பதுக்கிக் கொடுப்பவர் என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் பலர் எண்ணிவிடுகிறார்கள். அவர் மேஜையில் பெரும்பாலும் கிடப்பது கடன் ஒப்பந்தம்தான்.

2007இல் ஹட்சிசனின் இந்தியத் தொலைபேசித் தொழில் வோடஃபோனுக்குப் போனபோது கைமாறியது, கேமன் தீவில் பதிவான சிஜிபி கம்பெனியின் ஒரே ஒரு பங்கு. இப்படிப்பட்ட கம்பெனி நடப்பில் இருக்கிறதா, இயக்குநர்கள் முறைப்படி தீர்மானம் போட்டார்களா, போட்ட கையெழுத்து அந்தத் தீவின் சட்டப்படி செல்லுமா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதே ஆஃப்ஷோர் வக்கீலின் அன்றாட வேலை. லீகல் ஒப்பீனியன் என்பது அதுதான்.

சிக்கல் சின்ன இடங்களில்தான் வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்தான தேதிக்குப் பிந்தைய தேதியில் தீர்மானம் இருக்கும். கம்பெனியின் உள் நிர்வாக விதிகள் (சங்க நடைமுறை விதிகள்) திருத்தப்பட்டிருக்கும். கையில் இருப்பதோ பழைய பிரதி.

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது சார்ஜ் பதிவு; சார்ஜ் என்பது கடனுக்கு ஈடாகக் கம்பெனிச் சொத்தின் மேல் கடன் கொடுத்தவருக்குத் தரும் உரிமை. நம் 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு, அதைப் பதிவாளரிடம் பதிய 30 நாள் கெடு வைக்கிறது. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் கெடுவே இல்லை. அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது: பின்னால் கடன் கொடுத்தவர் பதிவாளரிடம் முந்திக்கொண்டால், பொதுவாக முன்னுரிமை அவருக்குத்தான். கேமனில் பதிவாளரிடம் பதியும் இந்த முறையும் இல்லை. கம்பெனி தன் பதிவு அலுவலகத்தில் வைத்திருக்கும் பதிவேட்டில் குறித்தால் போதும். அந்தக் குறிப்பு முன்னுரிமை தராது. அதனால் கடன் கொடுக்கும் வங்கி, தன் சார்ஜ் ஏறிய பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். வர்ஜின் தீவுகளில் பழகிய கையோடு கேமன் கோப்பைத் தொடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

பணம் கைமாறும் நாளில், வர்ஜின் தீவுகளின் தலைநகரான ரோடு டவுனில் பதிவாளர் அலுவலகத்திலும் உயர் நீதிமன்றத்திலும் மறுபடி தேடிப் பார்ப்பார்கள். முந்தின நாள் தேடியது போதாது. கம்பெனியைக் கலைக்கும் மனு அன்று காலைகூடத் தாக்கலாகியிருக்கலாம். அங்கே காலை 9 மணி என்றால் சிங்கப்பூரில் இரவு 9. ஆசிய அலுவலகங்களில் இந்த வேலை பார்ப்பவர்களுக்குப் பல நாள் இரவில்தான் வேலை முடியும்.

படித்து முடித்த கையோடு இந்த வேலை கிடைப்பது அரிது. மும்பையிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ வங்கிக் கடன் ஒப்பந்தங்களில் மூன்று நான்கு வருடம் பழக வேண்டும். இங்கிலாந்து சொலிசிட்டர் தகுதி பெரிதும் கைகொடுக்கும். அந்தத் தகுதிக்காக 2021இல் வந்த எஸ்கியூஇ தேர்வை இந்திய வக்கீல்களும் எழுதலாம். ஏற்கெனவே வக்கீலாகப் பதிவானவர்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி நிபந்தனை கிடையாது.

தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இந்தத் துறையைப் பற்றியும் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கம்பெனிச் சட்ட வழக்கறிஞர், சென்னை