டிரம்பட் போதும், பாஸ் வேண்டும்: எங்கள் பேண்டு குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்பு உறவுகளுக்கு, பர்மா தன்லின் பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து பேண்டு குழு நிர்வாகிகளின் வணக்கம்.

நன்கொடை கேட்டு எழுதும் கடிதத்தில் இதைச் சொல்லலாமா என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. சொல்லிவிடுவதுதான் நல்லது. தயவுசெய்து இனி டிரம்பட் வாங்கி அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போதெல்லாம் ஆசையாக ஒன்று கொண்டு வருகிறார்கள். விலை கையைக் கடிக்காது, பெட்டிக்குள் அடங்கும், பளபளவென்று இருக்கும், போட்டோவில் நன்றாக விழும். அனுப்பியவர்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் இன்றைக்கு எங்களிடம் ஊதுகிற ஆளை விட டிரம்பட் அதிகம். இல்லாதது பாஸ். ஊர்வலத்தில் கடைசி வரிசையில் நின்று 'பூம் பூம்' என்று அடி சுருதி கொடுக்குமே, அந்தப் பெரிய வாத்தியம். அதை யாரும் வாங்கித் தந்ததில்லை. எங்களிடம் இருந்த ஒன்றும் இப்போது சாகக் கிடக்கிறது.

எங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தன்லின் என்றால் பெரியவர்களுக்குப் புரியாது. சிரியம் என்றால் உடனே தெரியும். ரங்கூனிலிருந்து பெகு ஆற்றைத் தாண்டினால் வரும் ஊர். 1942-இல் ஜப்பான்காரன் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரர்களே கொளுத்திவிட்டுப் போன பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை இங்கேதான் இருந்தது. அந்த ஆலை, துறைமுகம், சுற்றியிருக்கும் வயல் என்று வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் நாங்கள். 1993-இல் ஆற்றுப் பாலம் திறப்பதற்கு முன்னால் ரங்கூனில் கச்சேரி என்றால் பெரிய டிரம்மைப் படகில் ஏற்றிக்கொண்டு போவோம், நனையாமல் இருக்கத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்போம் என்று எங்கள் பெரியப்பாமார் இன்றும் சொல்வார்கள். 1964-க்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் போக மிஞ்சியவர்கள் இந்தப் பேண்டைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். இந்துக் குடும்பம், வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பம், ஒன்றிரண்டு முஸ்லிம் குடும்பம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பேண்டில் உண்டு. பர்மியப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் மாஸ்டரை 'சயா' (வாத்தியார்) என்று கூப்பிடுவதைப் பார்த்து நம் பிள்ளைகளும் இப்போது அப்படியே கூப்பிடுகிறார்கள்.

பேண்டின் வருஷம் ஜனவரி 4 சுதந்திர தினத்தில் தொடங்கும். அப்புறம் பொங்கல், தைப்பூசம். பிப்ரவரி 11-ஐ ஒட்டி ஞாவுங்லேபின் லூர்து மாதா கோயில் திருநாளுக்கு வேதக்காரக் குடும்பங்கள் கிளம்பினால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கூடவே போய்விடுவார்கள். பங்குனியில் அம்மன் கோயில், முனீஸ்வரர் கோயில், பூமிதி என்று மூச்சு விட நேரம் இருக்காது. அதே மார்ச், ஏப்ரலில்தான் பர்மியர்கள் பிள்ளைகளுக்குத் துறவு கொடுக்கும் ஷின்பியூ ஊர்வலமும் வரும். குழந்தையை இளவரசன் மாதிரி அலங்கரித்துக் குதிரையில் ஏற்றி, தங்கக் குடை பிடித்துக்கொண்டு போவார்கள். அதற்கு அவர்களுடைய டோபட் மேளம் இருக்கிறது, ஆனாலும் முன்னால் எங்கள் பேண்டும் போகட்டும் என்று கேட்கிற வீடுகள் உண்டு. சித்திரை பிறப்பும் தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே சமயத்தில் வரும்; அன்றைக்கு வாத்தியத்தைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுவதே பெரிய வேலை.

மே நடுவில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது. அதற்குள்ளேயே ஜூலை வாக்கில் வரும் வாசோ பௌர்ணமி முதல் அக்டோபர் வாக்கில் வரும் தடின்ஜூட் பௌர்ணமி வரை பௌத்தர்களுக்கு நோன்புக் காலம், கல்யாணம் கிடையாது. நம் பக்கம் ஆடி அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அழைப்பார்கள், மற்றபடி சாவு வீடுதான். ஆக மூன்று, நான்கு மாதம் வரவு இல்லை. பழுது பார்ப்பது, புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அந்த மாதங்களில்தான். தீபாவளி, கிறிஸ்துமஸ் வந்தால் மறுபடி ஓட்டம். கிடைக்கும் சன்மானத்தில் மாஸ்டருக்குச் சம்பளம், வண்டி வாடகை, சட்டை தைத்த கூலி, டிரம் தோல் எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். அதற்காக உங்களிடம் கை நீட்டவில்லை. பெரிய வாத்தியம் வாங்கும் அளவுக்கு மட்டும் மிச்சம் பிடிக்க முடியவில்லை.

பாஸ் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். கல்யாண வீட்டுக்காரர்களே கேட்கிறார்கள். டிரம்பட்டின் குழாயை நீட்டி அளந்தால் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நடுத்தரப் பித்தளை வாத்தியமான யூபோனியம் 9 அடி, பெரிய பாஸ் 18 அடி. குழாய் நீள நீளச் சுருதி இறங்கும். டிரம்பட் ஊதுவதற்கு ஒரு ஸ்தாயி கீழே யூபோனியம் நிற்கும், அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே பாஸ். மண்டபத்துக்குள் வாசித்தால் சுவர் கொஞ்சம் கைகொடுக்கும். தெருவில் சுவர் கிடையாது. மேல் சுருதி டிரம்பட்டின் வாய் பார்த்த பக்கம் போய்விடும். தேருக்குப் பின்னால் வருகிறவர் காதில் பெரிய டிரம்மின் 'டம்' மட்டும் விழும். டிரம் தாளத்தைச் சொல்லும், சுருதியைச் சொல்லாது. போன பங்குனியில் பாஸ் பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. கிளாரினெட் ஒரு பக்கம், டிரம்பட் ஒரு பக்கம் என்று ஆளுக்கு ஒரு சுருதியில் கோயில் வாசல் வந்து சேர்ந்தார்கள். மாஸ்டர் அன்று இரவு யாரோடும் பேசவில்லை.

அந்த வாத்தியத்தின் கதியைக் கிட்ட வந்து பார்த்தால் தெரியும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஊதுகிற எச்சிலும் ஈரமும் உள்ளே தங்கத் தங்க, துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். வெளியே முதலில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரியும், நடுவில் கறுத்திருக்கும். விரலால் அழுத்தினால் ஓட்டை. எங்கள் பாஸில் வாய்க்குழாய் முழுக்க அந்தப் புள்ளிதான். மெழுகு வைத்து, மேலே கரண்ட் டேப் சுற்றி வைத்திருக்கிறோம். கார் ரேடியேட்டர் பற்றவைக்கும் தம்பி ஒருவர் காசு வாங்காமல் ஈயம் பற்றவைத்துத் தருவார். அவரே போன தடவை, "அண்ணே, இனிமே பத்தவைக்க ஒட்டற இடமே இல்ல" என்று சொல்லிவிட்டார். தண்ணீர் வடிக்கும் சாவியின் தக்கைக்குப் பதில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருக்கிறது. நடு வால்வு அழுத்தினால் கீழே போகும், மேலே வராது. ஊதுகிறவர் இடது கையால் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே வாசிக்கிறார். வால்வு எண்ணெய் கிடைக்காத காலத்தில் தையல் மெஷின் எண்ணெய் போட்டதில் வந்த வினை அது. போட்டபோது வழுக்கும், நாள்பட்டால் பிசினாகிவிடும்.

இந்த நோய் எல்லா ஊர் பேண்டுக்கும் உண்டு, இங்கே சீக்கிரம் வரும். ரங்கூன் பக்கம் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னை மழையில் ஏறக்குறைய இரண்டு பங்கு. எங்கள் வாத்தியங்கள் இருப்பது கோயில் பின்புறத் தகரக் கொட்டகையில், மண் தரையில். ஆகஸ்ட் மாதம் போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெல்வெட்டு முழுக்கப் பூஞ்சை. கிளாரினெட்டின் பஞ்சு மெத்தைகள் ஊறி உப்பி, துளையைச் சரியாக மூடாது. அதனால் இரண்டாவது கோரிக்கை, தரையிலிருந்து மூன்றடி தூக்கிப் பலகை போட்ட, காற்றோட்டமுள்ள ஓர் அறை. அதே அறையில் பிள்ளைகள் மழைக் காலத்திலும் உட்கார்ந்து சாதகம் செய்யலாம்.

கரண்ட் அடிக்கடி நின்றுபோகும் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு விதத்தில் அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று என்று சொன்னால் சிரிக்காதீர்கள். சவுண்ட் செட் வைத்தால் ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் விற்கும் விலையில் கல்யாண வீட்டுக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி பேண்டைத் தேடி வருகிறார்கள்.

ஆள் பிரச்சினை வேறு. 2024-இல் கட்டாய ராணுவச் சேவை வந்த பிறகு வயசுப் பையன்கள் ஊரில் தங்குவதில்லை. மலேசியா, தாய்லாந்து என்று போய்விட்டார்கள். போனவர்களில் எங்கள் டிராம்போன்காரர்களும் உண்டு. இப்போது வாசிப்பவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், மீதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் நிறையச் சேர்ந்திருக்கிறார்கள். முதலில் சில வீடுகளில் "பொம்பளப் பிள்ளை தெருவில் ஊதுவதா" என்று முணுமுணுத்தார்கள். பர்மியப் பள்ளிகளின் பேண்டில் பெண்கள்தானே முன்வரிசையில் நிற்கிறார்கள் என்று மாஸ்டர் கேட்டதும் பேச்சு அடங்கியது. யூபோனியம் ஊதும் தங்கச்சி ஒருத்திக்குக் காவடிச் சிந்து மெட்டு எது கொடுத்தாலும் ஒரு தடவை கேட்டால் போதும். இரண்டாம் தடவை வாசித்துவிடுவாள். அவள் கையில் இருப்பது மூன்றாவது வால்வு வேலை செய்யாத வாத்தியம்.

இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் பாஸ் வாத்தியத்தில் டியூபா வகையைக் கேட்காமல் சூசாபோன் வகையைக் கேட்கிறோம். டியூபாவைக் கையில் தூக்கிக்கொண்டு பூமிதி ஊர்வலம் முழுக்க நடக்க முடியாது. சூசாபோன் உடம்பைச் சுற்றித் தோளில் உட்கார்ந்துகொள்ளும், வாய் தலைக்கு மேலே முன்பக்கம் பார்க்கும். முழுப் பித்தளை என்றால் 10 கிலோவுக்கு மேல் போகும். உடம்பு ஃபைபரிலும் வால்வுகள் பித்தளையிலும் செய்தது எடை குறைவு, அரிக்கிற பகுதியும் குறைவு. ஓசையில் கொஞ்சம் நயம் போகும் என்று மாஸ்டருக்கு மனக்குறை. பிள்ளைகள் தோள் முக்கியம் என்று குழு முடிவு செய்திருக்கிறது.

கோயிலுக்கு எதற்கு வெள்ளைக்காரன் வாத்தியம், அந்தப் பணத்தில் நாதஸ்வரம் வாங்கலாமே என்று எழுதுகிறவர்களும் இருப்பார்கள். நாதஸ்வரம் வாங்கலாம், சொல்லிக் கொடுக்க வித்வான் வேண்டுமே. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்திலேயே அரண்மனை பேண்டு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதரே ஐரோப்பியப் பேண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் செய்திருக்கிறார். நோட்டு ஸ்வரம் என்று அவற்றை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கிளாரினெட் சங்கீத சபை மேடை வரை போய்விட்டது. அவர்களுக்கு ஆகும் என்றால் எங்கள் அம்மனுக்கும் ஆகும்.

சரி, பணம். வாத்தியம் வாங்க நினைப்பது உத்தரப் பிரதேசத்து மீரட்டில். அங்கே ஜலி கோட்டி என்ற பகுதியே பேண்டு வாத்தியம் செய்வதற்குப் பேர் போனது. நாதிர் அலி கம்பெனி 1885 முதல் இருக்கிறது. விசாரித்த வரையில் சூசாபோன் ஒன்று சுமார் 40,000 இந்திய ரூபாய், யூபோனியம் இரண்டு 36,000. பேக்கிங், கப்பல் கூலி, சுங்கம் எல்லாவற்றுக்கும் 30,000 ஒதுக்கியிருக்கிறோம். முன்பு இந்திய எல்லை ஊர் மோரே, பர்மா எல்லை ஊர் தமூ வழியாகத் தரையில் வரும். இப்போது அந்த வழியை நம்ப முடியாது. அதனால்தான் கப்பல். அறைக்கு பர்மியப் பணத்தில் 30 லட்சம் சாட் ஆகும். அதில் பாதியை ஊரிலேயே திரட்டிவிட்டோம், மரமும் ஆள் வேலையும் ஊரார் தருகிறார்கள். மீதிப் பாதிக்குத்தான் வெளியே கேட்கிறோம்.

இந்தியாவில் இருக்கும் உறவுகள், முக்கியமாகச் சென்னையில் பர்மாக்காரர்கள் என்று இன்னும் பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் நம் சொந்தங்கள், பணத்தைப் பர்மாவுக்கு அனுப்ப வேண்டாம். உங்களில் நான்கைந்து பேர் சேர்ந்து தொகையை நேராக வாத்தியக் கடைக்கே கட்டிவிடுங்கள். பில் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், அதன் நகல் எங்களுக்கு வந்தால் போதும். ஆர்டர் கொடுக்கும் முன் மட்டும் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சுருதி மாறி வந்தால் மற்ற வாத்தியங்களோடு சேராது, திருப்பி அனுப்பவும் வழியில்லை. மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் கப்பல் கூலியையும் அறைச் செலவையும் ஏற்றுக்கொண்டால் நல்லது. தெரிந்தவர் கையில் கொடுத்து அனுப்பும் பணத்துக்கு, கொடுத்தவரும் வாங்கியவரும் எங்கள் பொருளாளரும் என்று மூன்று கையெழுத்துள்ள ரசீது போடுகிறோம். ரசீது வராத பணம் எங்களுக்கு வரவில்லை என்று எடுத்துக்கொண்டு உடனே கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். வரவு செலவைத் தீபாவளிக்கும் தமிழ்ப் புத்தாண்டுக்கும் கோயில் பலகையில் ஒட்டுவோம்; அதன் படத்தை நன்கொடையாளர்கள் எல்லாருக்கும் அனுப்புவோம்.

வாத்தியத்தில் நன்கொடையாளர் பெயர் பொறிப்பது பற்றிக் கேட்கிறீர்கள். தாராளமாகப் பொறிப்போம். டிரம்பட்டின் வாய் எவ்வளவு, சூசாபோனின் வாய் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி பெயர் வரை இடம் இருக்கிறது.

மழைக்கு முன்னால் அறை எழும்ப வேண்டும் என்றால் தை மாதத்துக்குள் தொகை சேர வேண்டும். வாத்தியம் கொஞ்சம் தாமதித்தாலும் சமாளிப்போம், ஈரத்தில் வைக்க மாட்டோம். பங்குனித் திருவிழாவுக்கு ஊர் வருகிறவர்கள் பெட்டியில் இடம் இருந்தால் வால்வு ஸ்பிரிங், தக்கை, கிளாரினெட் ரீடு, யூபோனியம் வாய்த்துண்டு கொண்டு வாருங்கள். என்ன அளவு என்று கிளம்பும் முன் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பேண்டு குழு நிர்வாகிகள்