பெயருக்கு முன்னால் ஒரு சொல்

பாங்காக்
20-02-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கொடுத்தனுப்பிய மக்ரூன் வந்து சேர்ந்தது. முழுதாக ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்தப் பொடிக்கு ஒரு கல்யாண யோகம் இருந்திருக்கிறது.

எங்கள் கடையில் கணக்குப் பார்ப்பவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். நம் ஊர்ச் சொல்லில் திருநங்கை. டாக்சி ஓட்டும் ஒருவரோடு 11 வருடமாகக் குடும்பம் நடத்துகிறார். அரசுப் பதிவில் இவரும் ஆண் என்றே இருப்பதால் கல்யாணம் பதிய முடியாமல் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த மனிதர் விபத்தில் காலை முறித்துக்கொண்டபோது, அறுவை சிகிச்சைத் தாளில் கையெழுத்துப் போட இவருக்கு உரிமை இல்லை என்றுவிட்டார்கள். எங்கோ வடகிழக்கிலிருந்து அண்ணன்காரர் ராத்திரி பஸ் பிடித்து வந்து போட்டார். பேசிப் பல வருடமான அண்ணன்!

இப்போது அந்தத் தொல்லை இல்லை. போன வருடம் ஜூன் 18 அன்று தாய்லாந்து செனட்டில் 130 பேர் ஆதரித்து, 4 பேர் மட்டும் எதிர்த்து, ஒரே பாலினத்தவரும் கல்யாணம் பதிந்துகொள்ளலாம் என்ற சட்டம் நிறைவேறியது. தென்கிழக்கு ஆசியாவில் இதுதான் முதல் நாடு. சட்டப் புத்தகத்தில் ‘ஆண், பெண்’ என்றிருந்த இடத்தில் ‘நபர்’ என்று மாற்றியிருக்கிறார்கள். ‘கணவன், மனைவி’ என்றிருந்த இடத்தில் ‘துணைவர்’. மாறியது என்னவோ சில சொற்கள்தான். சொத்து, தத்து, மருத்துவமனைக் கையெழுத்து எல்லாம் அவற்றின் பின்னால் வந்துவிட்டன. ஜனவரி 23 அன்று நாடு முழுவதும் பதிவு தொடங்கியது.

எங்கள் கடை பாங் ராக் வட்டாரத்தில் இருக்கிறது. பெயரில் உள்ள ‘ராக்’ என்பதற்கு இவர்கள் மொழியில் காதல் என்று பொருள். அதனால் காதலர் தினத்தன்று இந்த வட்டார அலுவலகத்தில் கல்யாணம் பதிய வருபவர்கள் கூட்டம் அலைமோதும். நம் கணக்கரும் அவர் துணைவரும் விவரமாக நான்கு நாள் தள்ளிப் போனார்கள். கடையிலிருந்து இருவர் சாட்சி. நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் சிலோம் மாரியம்மன் கோயிலில் வாங்கிய சாமந்தி மாலையைக் கணக்கரிடம் கொடுத்தேன். உடனே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ‘திரு’ என்பதற்கு இங்கே ‘நாய்’ என்பார்கள். சிரிக்காதே, வந்த புதிதில் என் பெயருக்கு முன்னாலும் அதைக் கேட்டுத் திடுக்கிட்டிருக்கிறேன். பட்டுச் சேலை போன்ற உடையில் நின்ற அவரை அலுவலர் ‘நாய்’ போட்டுத்தான் கூப்பிட்டார். பிறந்தபோது எழுதியதை மாற்ற வழியில்லை. அதற்கான மசோதாவைப் போன வருடம் பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிராகரித்துவிட்டது. கல்யாணத்துக்கு மனமிறங்கியவர்கள் ஒரு சொல்லுக்கு ஏன் மல்லுக்கட்டுகிறார்களோ.

நம் தூத்துக்குடி ஜோடி நினைவிருக்கிறதா? கோயிலில் தாலி கட்டியும் பதிவு செய்ய மறுத்தார்களே. 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. அதை அவரிடம் சொன்னேன். “உங்கள் ஊரில் மணமகள் என்றே சொல்லிவிட்டார்களா?” என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ அங்கே இன்னும் பதிய முடியாது என்பதையும் சொல்லவேண்டியதாயிற்று.

அலுவலக வாசலில் ஆளுக்கு ஒரு கரண்டி மக்ரூன் பொடி. மாப்பிள்ளை இரண்டாவது கரண்டி கேட்டார். அடுத்த முறை தகர டப்பாவில் போட்டு அனுப்பு. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி