பேத்தியைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களாகின்றன. அன்று இரவே பதில் எழுத உட்கார்ந்து, இரண்டு பக்கம் எழுதியும் முடித்தேன். ஆனால் நீ கேட்டது அவசரமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை என்று பட்டதால் அதைக் கிழித்துவிட்டேன். என் முழங்கால் இப்போது பரவாயில்லை. உன் கடிதம் வருவதற்கு முன் இளைய மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே நடந்த ஒன்றையும் இக்கடிதத்தில் உனக்குச் சொல்ல வேண்டும்.

எட்டு வயதுப் பேத்தி வகுப்பில் எழுந்து நின்று படிக்க வேண்டிய நாளில் எல்லாம் வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள் என்றும், விளையாட்டில் தோற்றால் ஆட்டத்தையே கலைத்துவிடுகிறாள் என்றும் எழுதியிருந்தாய். நாம் எல்லோரும் செல்லம் கொடுத்து அவளைக் கெடுத்துவிட்டோமா, இனிமேல் கொஞ்சம் கண்டிப்பாக இருந்து அவள் மனத்தைத் திடப்படுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தாய். பள்ளியில் இத்தனை ஆண்டுகள் பணியாற்றியவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாய். உண்மையைச் சொன்னால், பள்ளியில் கற்றதைவிட ஓய்வு பெற்ற பிறகு ஆய்வுகளைத் தேடிப் படித்தபோது கற்றதுதான் அதிகம். அதில் பாதி, நான் செய்த தவறுகளைப் பற்றியது.

கண்டிப்பினால் மனம் திடப்படும் என்ற எண்ணத்திலிருந்தே தொடங்குகிறேன். ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-ஆம் ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள் பிற வல்லுநர்களோடு சேர்ந்து அவர்கள் 40 வயதைத் தொடும்வரை பின்தொடர்ந்தார்கள். அக்குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய், ஓயாத குடும்பச் சண்டை, பிறப்பின்போதே ஏற்பட்ட சிக்கல் எனப் பல துன்பங்களை ஒருசேரச் சுமந்தவர்கள். அப்படிப்பட்டவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல வேலையும் நல்ல உறவுகளும் கொண்ட, பிறர்மீது அக்கறையுள்ள மனிதராக வளர்ந்திருந்தார். அவர்களைக் காப்பாற்றியது எது என்று பார்த்தபோது திரும்பத் திரும்பக் கிடைத்த விடை, பெற்றோரோ பாட்டியோ ஆசிரியரோ அண்டை வீட்டாரோ, அக்குழந்தையை விட்டுவிடாமல் பற்றிக்கொண்ட ஒரு பெரியவராவது அதன் வாழ்வில் இருந்தார் என்பதுதான். வீட்டில் பிறருக்கு உண்மையாகவே பயன்படும் ஒரு பொறுப்பு அவர்களுக்கு இருந்ததையும் வெர்னர் குறிப்பிடுகிறார். தம்பியைப் பார்த்துக்கொள்வது போன்ற சிறு வேலைகள்தாம். இளமையில் தடம் மாறிப்போனவர்களிலும் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிலைபெற்றுவிட்டார்கள் என்ற செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. இதை உன் மகளிடம் சொல். எட்டு வயதில் எதுவும் முடிந்துபோவதில்லை.

ஆகவே தோழி, நீ அவளுக்குக் கொடுத்த அன்பு அவளைக் கெடுக்கவில்லை. துன்பம் வரும்போது ஒரு குழந்தை ஊன்றிக்கொள்ளும் கோலே அந்த அன்புதான். ஆனால் அன்பின் பேரில் நாம் செய்யும் சில காரியங்கள் அந்தக் கோலைப் பிடுங்கிவிடுகின்றன. அவற்றைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

அவளுக்கு வயிறு வலித்த நாட்களில் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதியது நீதான் என்று எழுதியிருந்தாய். வகுப்பில் அவளை எழுப்ப வேண்டாம் என்று உன் மகள் ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டதாகவும் இருந்தது. மருத்துவரிடம் காட்டி, உடலில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டது மிகவும் சரி. அது எப்போதும் முதலில் நடக்க வேண்டும். அதன்பின் பயம் மட்டும்தான் மிச்சம் என்றால், விடுப்புக் கடிதம் அந்தப் பயத்துக்கு நாம் போடும் தீனியாகிவிடுகிறது. தப்பித்த அந்த நிமிடத்தில் அவளுக்கு ஆறுதல் கிடைக்கிறது. அதோடு, 'அது உண்மையிலேயே ஆபத்தானது, என்னால் முடியாது என்று பாட்டிக்கே தெரிந்திருக்கிறது' என்ற பாடமும் கிடைத்துவிடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஈலை லெபோவிட்ஸ் என்பவர் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பதற்றக் கோளாறு உடைய, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட 124 பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் பிள்ளைகளுக்கே நேரடியாக உளவியல் சிகிச்சை. மற்றொன்றில் பிள்ளைகளைச் சந்திக்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பிள்ளையின் பயத்துக்காக வீட்டில் செய்துவரும் சலுகைகளைப் படிப்படியாகக் குறைப்பதும், குறைக்கும்போது பரிவோடு பேசுவதுமே அந்தப் பயிற்சி. இரண்டு குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம் கிடைத்தது. பெரியவர்கள் மாறியதிலேயே பிள்ளைகளின் பயம் குறைந்தது.

அந்தப் பரிவான பேச்சில் இரண்டு பகுதிகள் இருக்க வேண்டும் என்கிறார்கள். 'உனக்குப் பயமாக இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது' என்பது ஒன்று. 'ஆனாலும் உன்னால் அதைத் தாங்க முடியும் என்று எனக்குத் தெரியும்' என்பது மற்றொன்று. நாம் பெரும்பாலும் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிடுகிறோம். 'ஐயோ, பாவம்' என்போம். இல்லையென்றால் 'இதற்கெல்லாம் பயப்படலாமா' என்போம். இரண்டையும் சேர்த்துச் சொல்வது வாய்க்குப் பழகவே சில நாட்கள் ஆகும். அதன்பின் வேலையைச் சிறு படிகளாக்க வேண்டும். இந்த வாரம் அவள் உனக்கு மட்டும் எழுந்து நின்று படித்துக் காட்டட்டும்; அடுத்து, வீட்டில் உள்ள எல்லோர் முன்னும்; பிறகு வகுப்பில், இருக்கையில் அமர்ந்தபடியே இரண்டு வரிகள். ஆசிரியையிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவையுங்கள். எந்தச் சலுகையை எப்போது நிறுத்தப்போகிறீர்கள் என்பதை அவளிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று காலையில் திடீரென்று அறிவிக்க வேண்டாம். முதல் சில நாட்கள் அழுகை கூடும். அதைக் கண்டு நீ தளர்ந்துவிடாதே. உன் இளகிய மனத்தை அறிந்தவள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பல வாரங்கள் முயன்றும் அவள் பள்ளிக்கே போக மறுத்தால், உண்ணவும் உறங்கவும் தடுமாறினால், குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

இனி மகன் வீட்டில் நடந்தது. ஒரு மாலை அவன் தன் ஐந்து வயது மகளிடம் காரணமின்றிச் சத்தம் போட்டுவிட்டான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் கழித்து அவன் அவள் அருகில் தரையில் உட்கார்ந்து, 'அப்பா கத்தியது தவறு. வேலையில் இருந்த கோபத்தை உன்மேல் காட்டிவிட்டேன். நீ செய்ததில் தவறு எதுவும் இல்லை' என்றான். அவ்வளவுதான், அவள் அவன் மடியில் ஏறிக்கொண்டாள். அன்றிரவு அவனிடம் அதைப் பாராட்டிப் பேசியபோது, அவன் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னான். அவனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது மதிப்பெண் அட்டையை மறைத்துவைத்ததற்காக நான் அவனை அளவுகோலால் அடித்தேன். எனக்கு அது மங்கலாகத்தான் நினைவிருந்தது. அவன் சொன்னான்: 'அடித்தது வலிக்கவில்லை அம்மா. மறுநாள் காலையில் நீங்கள் ஒன்றும் நடக்காததுபோல எனக்குத் தலை வாரிவிட்டீர்கள். நான் இன்னும் கெட்டவனாகத்தான் இருக்கிறேனா, சரியாகிவிட்டேனா என்று எனக்குத் தெரியவே இல்லை.' நான் அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டிய காலத்துக்கு மிகவும் பிந்திப்போன மன்னிப்பு அது.

இதோடு சேர்த்து எட்வர்ட் ட்ரோனிக் என்பவரின் ஆய்வை எண்ணிப்பார்க்கிறேன். 1970-களில் அவர், கைக்குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தாயை, திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் இருக்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டி அழைக்கிறது, கத்துகிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துபோகிறது. தாய் மீண்டும் சிரித்ததும் தேறிவிடுகிறது. அவருடைய வேறோர் அவதானிப்பு இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது: நல்ல உறவுள்ள தாயும் சேயும்கூட விளையாட்டின்போது நூற்றுக்குச் சுமார் முப்பது பங்கு நேரம்தான் ஒருவருக்கொருவர் முழுமையாக இசைந்திருக்கிறார்கள், மற்ற நேரமெல்லாம் பிசகுவதும் அதைச் சரிசெய்துகொள்வதுமாகவே கழிகிறது. அந்தச் சரிசெய்தலில்தான் 'கெட்டுப்போனது சீராகும்' என்ற நம்பிக்கையைக் குழந்தை கற்கிறது. எனவே வீட்டில் யாரும் கோபப்படக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அது யாராலும் முடியாது. கோபம் தணிந்தபின் பெரியவர்தான் முதலில் திரும்பி வர வேண்டும். நடந்ததைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும்.

அடிப்பதைப் பற்றி இனி எனக்கு இரண்டு கருத்து இல்லை. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேய்லரும் 2016-இல், 75 ஆய்வுகளை, 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய தகவல்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். அடிவாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலக் குறைபாடும் கூடுதலாகக் காணப்பட்டனவே தவிர, அடியால் நல்லொழுக்கம் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. உன் மருமகனிடம் இதைப் பக்குவமாகச் சொல். வீட்டில் விதிகள் வேண்டும், அவை உறுதியாகவும் இருக்க வேண்டும்; ஆனால் விதியின் காரணத்தைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டும், அதன் பேச்சையும் கேட்க வேண்டும். டயானா பாம்ரிண்ட் 1960-களிலேயே கண்டது இதுதான்: வெறும் கெடுபிடியும் வெறும் தாராளமும் இரண்டுமே பிள்ளையைத் தடுமாற வைக்கின்றன.

தோற்றால் ஆட்டத்தைக் கலைக்கிறாள் என்றாயே, அவளை வீட்டில் எப்படிப் பாராட்டுகிறீர்கள் என்று கவனித்துப் பார். கிளாடியா மியூலரும் கேரல் ட்வெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் 'நீ கெட்டிக்காரன்' என்றும், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தபோது, கெட்டிக்காரர்கள் எனப்பட்டவர்கள் விரைவில் ஊக்கம் இழந்தார்கள். தம் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது அவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் கூட்டி எழுதினார்கள். முயன்றால் திறமை வளரும் என்ற இந்தச் சிந்தனையைப் பள்ளிகளில் பாடமாக வைத்த பிற்கால ஆய்வுகளில் பலன் சிறிதாகவே இருந்தது; ஆகவே ஒரு வாக்கியத்தை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் 'நீதான் வீட்டிலேயே புத்திசாலி' என்று கேட்டு வளரும் குழந்தைக்கு ஒவ்வொரு தோல்வியும் அந்தப் பட்டத்தைப் பறிக்க வருவதாகத்தானே தோன்றும்? அவள் என்ன செய்தாள், எங்கே விடாமல் முயன்றாள் என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். அவளை வெல்ல வைப்பதற்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது பற்றியும் ஒன்று. காத்திருந்தால் இன்னொன்றும் தருவோம் என்று சொல்லி வைத்த இனிப்பை உடனே உண்ணாமல் காத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் வெற்றி பெறும் என்ற புகழ்பெற்ற சோதனையை நாம் ஒருகாலத்தில் மாணவர்களுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறோம். செலஸ்ட் கிட் என்பவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அதை வேறு கண்ணால் பார்த்தது. 28 சிறு குழந்தைகளில் பாதிப் பேருக்கு, நல்ல வண்ணக் குச்சிகள் கொண்டுவருகிறேன் என்று சொன்ன பெரியவர் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றப் பாதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்தார். பிறகு இனிப்பை வைத்தபோது, முதல் குழுவினர் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். பொறுமை இல்லை என்று குழந்தையைக் குறை சொல்லுமுன், நம் வாக்கு அதனிடம் எவ்வளவு செல்லுபடியாகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. உன் மகள் அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி எட்டு மணிக்கு வருவதாக எழுதியிருந்தாய். அவள்மேல் குற்றமில்லை, வேலை அப்படி. எட்டு மணி என்றே சொல்லிவிட்டு எட்டு மணிக்கு வரட்டும்.

உறக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை; அவள் ஏழரை மணி நேரம்தான் தூங்குகிறாள் என்றால், காலை நேரத்து அழுகையில் ஒரு பங்கு அதனால்கூட இருக்கலாம். படுக்கையறைக்குள் கைபேசி வேண்டாம். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது மூச்சிரைக்க ஓடி விளையாடட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது. விளையாடும்போது நீ பின்னாலேயே போய் 'விழுந்துவிடுவாய்' என்று சொல்லிக்கொண்டிருக்காதே. முட்டி சிராய்த்தால் ஆறிவிடும்.

வீட்டில் அவளுக்கென்று ஒரு பொறுப்பைக் கொடு; அவள் செய்யாவிட்டால் உண்மையிலேயே யாருக்காவது குறைபடும் வேலையாக அது இருக்கட்டும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை என்றால், ஒரு நாள் மறந்தாலும் நீ போய் ஊற்றிவிடாதே.

அடுத்த மாதம் பள்ளியில் ஆசிரியர்-பெற்றோர் சந்திப்பு இருப்பதாக எழுதியிருந்தாய். அதற்கு முன்பே ஆசிரியையைப் பார்த்து அந்த இரண்டு வரிகளைப் பற்றிப் பேசிவிடுங்கள். அவள் உன்னிடம் முதன்முதலில் எழுந்து நின்று எதைப் படித்துக் காட்டினாள், குரல் நடுங்கியதா, இடையில் நிறுத்தினாளா, நீ அப்போது என்ன சொன்னாய் என்று எல்லாவற்றையும் விரிவாக எழுது. காத்திருக்கிறேன்.

என்றும் உன் அன்புள்ள,
பள்ளித் தோழி