ஸூலா ஏன் வரவில்லை?

அன்புள்ள மல்லிகா,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தவறுதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவின் கண் அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வரி விளம்பரம் வரை படித்து முடித்த பிறகுதான் எனக்குச் செய்தித்தாள் கிடைக்கிறது. பெரியவரிடம் எந்த மாற்றமும் இல்லை, அதே சட்டை, அதே சண்டை.

எழுத வைத்தது ‘கோல்ட் வார்’ படம். “ஸூலா கோழை, அரசாங்கத்துக்குப் பயந்து நின்றுவிட்டாள்” என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். எனக்கு மனசு ஆறவில்லை. நேற்று இரவு அந்தப் போலந்துப் படத்தை மறுபடியும் பார்த்தேன்.

1952, கிழக்கு பெர்லின். கலைக்குழுவின் பாடகி ஸூலாவும் அவளுடைய காதலன் விக்டரும் கம்யூனிச ஆட்சியிலிருந்து மேற்குக்குத் தப்பிப்போகத் திட்டமிட்ட இரவு. நகரைப் பிரித்த சுவர் எழுந்தது 1961இல்தான். அப்போது நடந்தே மேற்குப் பக்கம் போய்விடலாம். விக்டர் பெட்டியோடு காத்து நிற்கிறான். அவள் கலைக்குழுவின் விருந்தில் இருக்கிறாள். கடைசியில் அவன் தனியாக நடக்கிறான்.

பின்னர் பாரிஸில் அவளே காரணம் சொல்கிறாளே, கவனித்தாயா? தான் அவனுக்கு ஈடில்லை என்று தோன்றியதாம். அது சாக்கு இல்லை, மல்லிகா. அவன் படித்த இசைக்கலைஞன். அவளோ தன் அப்பாவைக் கத்தியால் குத்திய வழக்கில் சிக்கி வந்தவள். அவனைப் பற்றியே துப்புச் சொல்லும்படி அதிகாரிகள் அவளை வைத்திருந்தார்கள் வேறு. அந்தப் பாரத்தோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு எல்லை தாண்டுவாள்?

படத்தில் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பாட்டை நினைத்துப் பார். முதலில் ஒரு கிராமத்துச் சிறுமி பாடுகிறாள்: இரண்டு இதயங்கள், நான்கு கண்கள், நடுவில் ‘ஓய் ஓய் ஓய்’ என்று ஒரு விம்மல். கலைக்குழு அதை மேடைக்கு மெருகேற்றுகிறது. போகப்போக அதே மேடையில் ஸ்டாலினின் படமும் பெரிதாக எழுகிறது. பாரிஸில் பாட்டு பிரெஞ்சுக்குப் போகிறது. ஊசல் காலத்தைக் கொன்றது என்று ஒரு வரி. இதற்கு என்ன அர்த்தம் என்று ஸூலா கேட்கிறாள். உருவகம் என்று பதில் வருகிறது. முப்பது வருடமாக மொழிபெயர்க்கிற நீ இந்த இடத்தை எப்படித் தாண்டிப் போனாய்? இசைத்தட்டு வந்ததும் அதை நீரூற்றுக்குள் வீசுகிறாள். தன் வாயிலிருந்து வருவது தன் பாட்டு இல்லை என்று ஆகிவிடும் நாளுக்குத்தான் பெர்லினிலேயே பயந்திருக்கிறாள்.

பிறகு அவள் போலந்துக்கே திரும்ப, அவன் பின்னாலேயே போய் 15 ஆண்டுத் தண்டனை வாங்குகிறான். கை சிதைந்து, பியானோ போய்விட்டது. அந்தச் சிறை முகாம் காட்சியில் நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இயக்குநர் பாவ்லிகோவ்ஸ்கி படத்தைப் பெற்றோருக்குச் சமர்ப்பித்திருக்கிறார். அவர்கள் பெயர்களும் விக்டர், ஸூலாதான். இது தெரிந்த பிறகு அவளைக் கோழை என்று சொல்ல உனக்கும் வாய் வராது.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. 88 நிமிடம்தான், சேர்ந்து பார்ப்போம். அந்த ‘ஓய் ஓய் ஓய்’யைத் தமிழில் என்ன செய்வாய் என்று மட்டும் யோசித்துக்கொண்டு வா.

உன்,
வசந்தி