பிள்ளை பிறந்த ராத்திரியில் துணைநின்றவர்களுக்கு

எங்கள் கிராமத்து நர்ஸ் அக்காவுக்கும், 108 வண்டியில் வந்த இருவருக்கும், ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், எங்கள் வீட்டுப் பாட்டிக்கும்.

பிள்ளைக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் தாமதித்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமானால் நான் என்ன செய்யத் துணிந்தேன் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அதற்கு இப்போதுதான் மனம் வந்தது.

இரண்டாவது பிள்ளையை வீட்டிலேயே, யாரையும் கூப்பிடாமல், நானும் அவருமாகப் பெற்றுக்கொள்வது என்று ஐந்தாம் மாதமே முடிவு செய்துவிட்டோம். முதல் பிரசவம்தான் காரணம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பதினான்கு மணி நேரம் தனியாகக் கிடந்தேன். கத்தினால் தொடையில் அடி விழுந்தது. கத்தரித்ததே தையல் போடும்போதுதான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பினாயில் வாடை பட்டாலே கை நடுங்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதனால் ஆயத்தங்களை ரகசியமாகச் செய்தேன். வேட்டிகளை வேகவைத்து வெயிலில் காயப்போட்டேன். புது பிளேடு வாங்கி வைத்தேன். ராத்திரியில் போனில் வீடியோ பார்த்து மூச்சு விடப் பழகினேன். பாட்டி விட்டத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பிள்ளை பெற்றவர். அதை நினைத்துத் தெம்பு ஏற்றிக்கொண்டேன்.

நர்ஸ் அக்கா, நீங்கள் அந்த வேட்டிகளைப் பார்த்துவிட்டீர்கள். திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். திண்ணையில் உட்கார்ந்து, “கண்ணு, உனக்கு எது பயமா இருக்கு, அதச் சொல்லு” என்றீர்கள். அன்று நான் அழுத அழுகையில் உங்கள் மதியச் சாப்பாடே போயிற்று.

அழுது முடித்த பிறகு என் அட்டையை எடுத்து வைத்துப் பேசினீர்கள். ஹீமோகுளோபின் 8.6, உடம்பில் ரத்தம் குறைவு. ரத்த வகை பி நெகட்டிவ், லேசில் கிடைக்காதது. “பிள்ள பொறக்கறது பெரும்பாலும் நல்லபடியாத்தான் பொறக்கும். பொறந்த பின்னால கர்ப்பப்பை சுருங்காமப் போனா ரத்தம் நிக்காது. ரெண்டு மணி நேரத்துல ஆளே போயிரும். கொல்லிமலையில இருந்து கீழ எறங்க 70 வளைவு இருக்கு, கண்ணு.” மிரட்டலாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னீர்கள்.

பாட்டி, அப்போதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். “எட்டுப் பெத்தேன். தங்குனது அஞ்சு.” அவ்வளவுதான் சொன்னீர்கள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம், அந்த மூன்றைப் பற்றி ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. எனக்காக அதைத் தோண்டி எடுத்தீர்களே, அதற்கு என்ன சொல்ல!

அதன் பிறகு எல்லாமே நர்ஸ் அக்காவின் ஏற்பாடு. இரும்புச்சத்து ஊசியைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்ற என்னோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து உட்கார்ந்தீர்கள். என் ரத்த வகை நெகட்டிவ் என்பதால் 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட வைத்தீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் பெண் துணை ஒருவர் இருக்கலாம் என்று சொல்லி, என்னையும் அம்மாவையும் கூட்டிப்போய் அந்த அறையைக் காட்டினீர்கள். வெறும் அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் என் கைநடுக்கம் குறைந்தது. தேதிக்குப் பத்து நாள் முன்பே பிரசவக் காத்திருப்பு அறையில் வந்து தங்குவதாக ஒப்புக்கொண்டேன்.

தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஐப்பசி மழையில், நடு ராத்திரியில் வலி எடுத்தது. சூட்டு வலியாக இருக்கும் என்று பாட்டி சீரகத் தண்ணீர் கொடுத்தார். வலி அடங்கவில்லை, அடுக்கடுக்காக வந்தது. 108-க்குப் போன் போட்டோம். பாதையில் மரம் விழுந்து கிடந்தது.

வண்டியில் வந்துகொண்டே போனில் பேசிய தங்கையே, உங்கள் குரலை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இழுக்க வேண்டாம், தானாக வரட்டும் என்றீர்கள். பிள்ளை என் வீட்டுக்காரர் கையில் வந்து விழுந்ததும், துடைத்து அம்மா நெஞ்சின் மேல் போடுங்கள், இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள், கொடியைத் தொடாதீர்கள், நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். ஒளித்து வைத்திருந்த அந்த பிளேடு பெட்டியிலேயே கிடந்தது.

நீங்கள் உள்ளே நுழைந்தபோது பாய் நனையத் தொடங்கியிருந்தது. கர்ப்பப்பை சுருங்கத் தொடையில் ஆக்ஸிடோசின் ஊசி போட்டீர்கள். நஞ்சுக்கொடி விழுந்தது. அப்படியும் ரத்தம் நிற்கவில்லை. என் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தபடியே செம்மேடு வரைக்கும், பிறகு மலை இறங்கி நாமக்கல் வரைக்கும் முழங்காலிட்டு வந்தீர்கள். ஓட்டுநர் அண்ணா அத்தனை வளைவிலும் வண்டியை ஒருமுறைகூட குலுங்க விடவில்லை. வீட்டில் நானும் அவரும் மட்டும் இருந்திருந்தால் விடிவதற்குள் நான் இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தம்பிகளே, உங்கள் இருவர் பெயரையும் நர்ஸ் அக்கா மூன்று மாதம் முன்பே தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதே பி நெகட்டிவ். விடியற்காலை நனைந்துகொண்டே பைக்கில் மலை இறங்கி வந்து ரத்தம் கொடுத்தீர்கள். எனக்கு 2 யூனிட் ஏற்றினார்கள். நான் கண் விழித்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். அந்த வார்டிலும் பினாயில் வாடைதான். ஆனால் பயப்படவில்லை.

வரும் ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலில் பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும். நர்ஸ் அக்கா, வண்டிக்காரர்கள், எல்லாரும் வந்துவிட வேண்டும். எனக்கு உடன்பிறந்த ஆண் பிள்ளை கிடையாது, பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமன் இல்லை. தம்பிகளே, மொட்டைக்குப் பெரியவர் மடி, காதுகுத்துக்குச் சின்னவர் மடி என்று பேசி வைத்திருக்கிறோம். உங்கள் இருவருக்கும் வேட்டி துண்டு எடுத்தாகிவிட்டது.