நகரவியல் வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. ‘உள்ளாட்சி நிதி’ என்று தலைப்பு வைத்தால் மட்டும் வருகை குறைகிறது, அதை மறைப்பதற்கில்லை.

முதல் பாதி இடப்பெயர்வு ஆய்வுகளில் போயிற்று. ராவென்ஸ்டைன் 1885-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கினோம். பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு, பெரும்பாலோர் குறுகிய தூரமே இடம்பெயர்கிறார்கள், அவர்களில் பெண்களே அதிகம் என்று காட்டியவர் அவர். பலருக்கு இது புதுச் செய்தி. அப்புறம் 1970-இல் பொருளியலாளர்கள் ஹாரிஸும் டோடாரோவும் முன்வைத்த இடப்பெயர்வு மாதிரி (model). நகரத்தில் கிடைக்கக்கூடிய கூலியோடு, வேலை கிடைக்கும் வாய்ப்பையும் எடைபோட்டே மக்கள் கிளம்புகிறார்கள் என்பது அதன் சாரம். அப்படியானால், நகரத்தில் புதிய வேலைகளை உருவாக்கும்போது அவற்றை நம்பி இன்னும் பலர் வந்து, வேலையில்லாதோர் கூடவும் கூடும். இதை ஏற்காத உறுப்பினர்கள் உண்டு. அந்த வாதம் தேநீர் நேரத்திலும் ஓயவில்லை.

இரண்டாம் பாதியில் லண்டன் கழிவுநீர்க் கால்வாய்களின் வரலாறு. நல்ல விவாதம் நடந்தது இதில்தான். 1855-இல் அமைந்த பெருநகரப் பணிகள் வாரியத்திடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தை மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. பொறியாளர் பசல்ஜெட்டின் வரைபடங்கள் இழுபறியில் கிடந்தன. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. சில வாரங்களில் சட்டம் வந்துவிட்டது! வாரியம் தானே முடிவெடுக்கலாம், 30 லட்சம் பவுண்டு கடனும் திரட்டலாம் என்றானது. ஆண்டு முழுவதும் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: நகரத்து வேலைகள் நின்றுபோவது பொறியாளர் இல்லாமல் அல்ல, கடமை ஓரிடத்திலும் கஜானாச் சாவி வேறிடத்திலும் இருப்பதால்தான். பொருளாளருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் தொடங்கிய மக்கள் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒரு கூட்டம்தான் ஒதுக்க முடிந்தது. அங்கே ஏழைப் பகுதியினர் முன்வைத்த கோரிக்கைகளில் சாக்கடையும் தெருவுக்குத் தளமும் முக்கியமானவை என்பதோடு நேரம் முடிந்துவிட்டது.

வரும் ஆண்டில் சொத்து வரியைப் படிப்பதென்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. முணுமுணுப்பு காதில் விழுந்தது, முடிவில் மாற்றமில்லை. சந்தா பாக்கி வைத்திருப்போர் இன்றே செலுத்திவிட்டால் நல்லது. அடுத்து, பொருளாளர் கணக்கை வாசிப்பார்.