சான் ஹுவான் பாடிஸ்டா மிஷனின் பாதிரியாருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அருட்தந்தை பெலிப்பே அரோயோ தெ லா குவெஸ்டா அவர்களுக்கு,

வணக்கம். 1808 முதல் 1833 வரை நீங்கள் பணியாற்றிய சான் ஹுவான் பாடிஸ்டா மிஷனைச் சென்ற சனிக்கிழமை குடும்பத்தோடு பார்த்துவிட்டு வந்தோம். நீங்கள் 1840இல் சாந்தா இனெஸ் மிஷனில் காலமாகிவிட்டீர்கள். ஆகவே இதற்குப் பதில் வராது என்று தெரியும். ஆனாலும் உங்களுக்குப் பிறகு அங்கே நடந்தவற்றில் சிலவற்றை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கலிபோர்னியாவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பூர்வகுடி மக்களைக் கிறிஸ்தவர்களாக்க ஸ்பானியப் பாதிரியார்கள் நடத்திய குடியிருப்புகளான மிஷன்கள் இருபத்தொன்றைப் பற்றியும் படிக்கிறார்கள். சர்க்கரைக் கட்டிகளையும் தெர்மாகோலையும் ஒட்டி ஆளுக்கொரு மிஷன் மாதிரி செய்து கொண்டுபோவது பல காலமாக இருந்த வழக்கம். அந்த மாதிரிகளால் மிஷன்களில் வாழ்ந்த மக்களைப் பற்றி எதுவும் விளங்குவதில்லை என்று மாநிலத்தின் 2016ஆம் ஆண்டுப் பாடத்திட்ட வழிகாட்டி அதை ஊக்குவிக்காமல் விட்டுவிட்டது. அதனால் என் மகளுக்குக் கட்டுரை எழுதும் வேலை வந்தது. எங்கள் ஊரான பிரீமாண்டிலேயே மிஷன் சான் ஹோசே இருக்கிறது. (அந்தப் பெயரைச் சொன்னால் இங்குள்ள தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூட எல்லையும் வீட்டு விலையும்தான்.) ஆனால் அங்கே இன்று நிற்கும் தேவாலயம் 1868 நிலநடுக்கத்தில் இடிந்ததற்குப் பதிலாக 1980களில் புதிதாக எழுப்பப்பட்டது. பழைய சுவர்களையே பார்க்க வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்ததால், 101ஆம் நெடுஞ்சாலையில் பூண்டு மணக்கும் கில்ராயைத் தாண்டி உங்கள் ஊருக்கு வந்தோம்.

1803இல் அடிக்கல் நாட்டி 1812இல் நீங்கள் அர்ச்சித்த தேவாலயம் இன்றும் பங்குக் கோவிலாகவே இருக்கிறது, திருப்பலி நடக்கிறது. நடுக்கூடமும் இருபக்கக் கூடங்களுமாக மூன்று பகுதிகள் கொண்ட அகலமான கட்டடம் அது. இடையிலிருந்த வளைவுகள் நிலநடுக்கத்துக்கு அஞ்சி அடைக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் அவற்றைத் திறந்துவிட்டார்கள். பீடத்தின் பின்னுள்ள வண்ணத் தட்டியைப் பற்றிய கதையை வாசித்தபோது என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். மெக்சிகோ ஓவியர் ஒருவர் நாளுக்கு 75 சென்ட் கூலி கேட்டாராம். அது கட்டுப்படியாகாது என்று, கப்பலிலிருந்து தப்பி வந்த தாமஸ் டோக் என்ற அமெரிக்க மாலுமிக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்து 1818இல் அந்த வேலையை முடித்துக்கொண்டீர்களாம். அவர் பூசிய சிவப்பும் பச்சையும் இன்னும் மங்கவில்லை. சிக்கனம் உங்களுக்கு நன்றாகவே கைகொடுத்திருக்கிறது.

பிள்ளைகள் பீடத்தைவிடத் தரையைத்தான் அதிகம் பார்த்தார்கள். ஓடுகளை அச்சில் வார்த்து வெயிலில் காயப்போட்டிருந்தபோது விலங்குகள் மிதித்துச் சென்ற தடங்கள் அப்படியே நிலைத்துவிட்டன. அவற்றுள் ஒன்றின் முன்னால் என் மகன் குந்தி உட்கார்ந்து, நான்கு விரல் பள்ளங்களிலும் தன் விரல்களை வைத்துப் பார்த்தான். நரியா நாயா என்று பாட்டியோடு அவனுக்கு ஒரு வழக்கே நடந்தது. பூனைகள் எலி பிடிக்க வந்துபோகக் கதவின் அடியில் வெட்டிய ஓட்டையையும் காட்டினோம். விலங்குகளின் தடத்தை இவ்வளவு துல்லியமாகக் காத்து வைத்திருக்கும் அந்த ஓடுகளை வார்த்தவர்கள் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான முட்சுன் மக்கள் என்பதை மகளுக்கு நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் ஒலிவ மரங்கள் நிற்கின்றன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடி மக்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெயர் தாங்கிய கல் மிகச் சிலருக்கே உண்டு. அதன் சுவரை ஒட்டி நிலம் சட்டென்று சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவுதான் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு, நிலநடுக்கங்களை உண்டாக்கும் நிலப்பிளவு. நீங்கள் வருவதற்கு முன், 1800ஆம் ஆண்டு அக்டோபரில் தொடர்ந்து நிலம் நடுங்கியதால் பாதிரியார்கள் வெட்டவெளியில் உறங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1906இல் வந்த பெரிய நடுக்கத்தில் உங்கள் தேவாலயத்தின் பக்கச் சுவர்கள் விழுந்தன, நடுக்கூடம் தப்பியது.

"இத்தனை பேரும் எப்படிச் செத்தார்கள்?" என்று என் அம்மா கேட்டார். தட்டம்மை போன்ற நோய்களால் என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை ஆகாது. திருமுழுக்குப் பெற்றவர் அனுமதியின்றி மிஷனை விட்டுப் போகக் கூடாது. ஓடிப்போனால் படைவீரர்கள் பிடித்து வருவார்கள். திருமணமாகாத பெண்களை இரவில் விடுதிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். நெருக்கமான அந்த அறைகளில்தான் நோய் எளிதாகப் பரவியது. இவை உங்கள் மிஷனுக்கு மட்டுமான வழக்கங்கள் அல்ல என்று நீங்கள் சொல்லலாம். பூட்டு ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் கையில்தானே இருந்தது?

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்களை வெறுமனே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு என்னால் போக முடியவில்லை. காரணம், நீங்கள் எழுதிய முட்சுன் இலக்கணமும் சொற்றொடர்த் தொகுப்பும். 1810களில் நீங்கள் எழுதி வைத்த அந்தக் கையெழுத்துப் படிகள், நீங்கள் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1861லும் 1862லும் நியூயார்க்கில் அச்சாயின.

தமிழர்களுக்கு இந்த வகைப் பாதிரியார்கள் புதியவர்கள் அல்லர். 1732இல் சதுரகராதியைத் தொகுத்த வீரமாமுனிவரை நாங்கள் தமிழ்ப் புலவராகவே ஏற்றுக்கொண்டோம். மதுரைப் பக்கத்துக் குடியானவர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றாலும் மாலையில் தம் வீட்டுக்குத் திரும்பி, தம் பிள்ளைகளோடு தமிழில் பேசினார்; வீரமாமுனிவருக்குக் கற்பிக்கப் புலவர்களும், கற்க ஏடுகளும் இங்கே இருந்தன. முட்சுன் மொழிக்கு எழுத்து மரபு இல்லை. பேசிய மக்களோ உங்கள் மதிலுக்குள் குறைந்துகொண்டே வந்தார்கள். இருவர் செய்ததும் இலக்கணந்தான். எங்கள் மொழி வீரமாமுனிவர் இல்லாவிட்டாலும் பிழைத்திருக்கும். முட்சுன் மொழிக்கு உங்கள் ஏடு இல்லாவிட்டால் ஆதாரங்களில் பாதி போயிருக்கும். மொழி அந்த நிலைக்கு வந்ததில் உங்கள் மிஷனுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் உங்களைப் பாராட்டும்போது எனக்குத் தயக்கம் வருகிறது.

மீதிப் பாதியைத் தந்தவர் அசென்சியோன் சொலோர்சானோ. கில்ராயில் வாழ்ந்த நாட்டு மருத்துவர். முட்சுன் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர். அவர் நோயுற்றுப் படுத்திருந்த 1929இல், ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஹாரிங்டன் அருகிலிருந்து அவர் சொன்னதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார். 1930இல் அந்த அம்மையார் இறந்தார். நீங்கள் எழுதிய சொற்களின் ஒலிப்பைச் சரிபார்க்க இன்றைய ஆய்வாளர்களுக்கு அந்தக் குறிப்புகள் பெருந்துணையாக இருக்கின்றன.

நீங்கள் அறிய வேண்டிய முக்கியச் செய்தி இதுதான்: 1990களில் முட்சுன் வழித்தோன்றல்கள் சிலர் தங்கள் மொழியை மீண்டும் கற்கத் தொடங்கினார்கள். உங்கள் ஏடுகளையும் ஹாரிங்டன் குறிப்புகளையும் மொழியியலாளர்களோடு அமர்ந்து ஒப்பிட்டு, 2016இல் ஓர் அகராதியை வெளியிட்டிருக்கிறார்கள். பாடம் கேட்க ஒருவர்கூட உயிரோடு இல்லாத மொழியை ஏட்டிலிருந்து மீட்பது எவ்வளவு கடினம் என்பது, கேட்டுக் கேட்டு எழுதிய உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரியும்.

என் மகள் தன் கட்டுரையில் தேவாலயத்தைப் பற்றி ஒரு பத்தியும் இந்த அகராதியைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறாள். உங்கள் பெயரும் அதில் வருகிறது, சொலோர்சானோ அம்மையாரின் பெயருக்குப் பின்னால். அந்த வரிசையை மாற்றச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

இப்படிக்கு,
பிரீமாண்டிலிருந்து வந்துபோன ஒருவன்